ஜன்னல் வரிசையும் 547 ரூபாய் 20 காசும்

கம்ப்யூட்டரில் தட்டும் எழுத்து எங்கே போய் விழுகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? பெரும்பாலும் யோசிக்க மாட்டோம். கை தட்டுகிறது, திரையில் விழுகிறது, அவ்வளவுதான். மும்முரமாக ஏதோ டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து, பாதி வாக்கியத்தை விழுங்கி, நாம் தட்டிய என்டரையே 'சரி' என்று எடுத்துக்கொண்டு மறைந்துபோகும் பாருங்கள், அப்போதுதான் "அது என்ன கேட்டுச்சு? நாம எதுக்கு சரின்னு சொன்னோம்?" என்று முழிப்போம். அப்புறம் மறந்துவிடுவோம்.

அப்படி மறந்துவிட முடியாத ஒரு பையனின் கதை இது. திண்டுக்கல்லில் பி.காம். படிக்கிறவன். புரோகிராமிங் அவன் பாடத்தில் கிடையாது. யூடியூப் பார்த்து சி ஷார்ப் கற்றுக்கொண்டவன். அவனுடைய தாய்மாமா வெங்காய கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். வேடசந்தூர், ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து விடியற்காலையில் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எடை போட்டு, விலை பேசி, கூலி போக மீதியை விவசாயிக்குக் கொடுக்க வேண்டும். கையால் எழுதி, கார்பன் வைத்துக் கிழித்துக் கொடுக்கும் பில்.

"மாமா, நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தர்றேன். எடை மெஷின்லருந்து வயர் போட்டா எடை நேரா கம்ப்யூட்டருக்கு வந்துரும்" என்றான் ஒரு நாள்.

"எழுது மாப்ள. ஆனா அய்யாவுக்கு ஒத்து வர்ற மாதிரி எழுது" என்றார் மாமா.

அய்யா என்றால் மண்டிக் கணக்குப்பிள்ளை. நாற்பது வருஷ அனுபவம். இடது கையில் துண்டுச் சீட்டு, வலது கை நம்பர் பேடில். கண் சீட்டிலேயே இருக்கும், திரையை அபூர்வமாகத்தான் நிமிர்ந்து பார்ப்பார். கால்குலேட்டர் தட்டிப் பழகிய கை.

முதல் கோளாறு: பின்னால் ஒளிந்த பெட்டி

முதல் புரோகிராம் எளிமையானது. ஒரு மூட்டையை மெஷினில் வைத்ததும் எடை கேபிள் வழியாக வரும். உடனே "எடை 52.400, சரியா?" என்று ஒரு சின்னப் பெட்டி தோன்றும். என்டர் தட்டினால் எடை பில்லில் ஏறிவிடும். பிறகு அய்யா விலையை அடிப்பார்.

இரண்டாம் நாளே புகார் வந்தது. "தம்பி, எடை வரவே மாட்டேங்குது. நிப்பாட்டித் திரும்பப் போட்டாத்தான் வருது."

அவன் போய்ப் பார்த்தான். எடை வராமல் இல்லை. அந்தக் கேள்விப் பெட்டி பெரிய பில் விண்டோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, யாராவது 'சரி' சொல்லுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. அது நகராததால் அடுத்தடுத்த எடைகளும் வரிசையில் நின்றன. ஆல்ட்+டேப் அழுத்தியதும் அசடு வழிந்துகொண்டு வெளியே வந்தது பெட்டி.

ஏன் அப்படி? இங்கே கொஞ்சம் சங்கதி இருக்கிறது.

திரையில் விண்டோக்கள் மேசை மேல் காகிதங்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடது-வலது எக்ஸ், மேல்-கீழ் ஒய் என்றால், திரையிலிருந்து நம்மை நோக்கி வரும் மூன்றாவது திசை இசட். அதனால் இந்த அடுக்கின் வரிசைக்கு 'இசட் ஆர்டர்' என்று பெயர். நீங்கள் ஒரு விண்டோவைக் கிளிக் செய்தால் அது அடுக்கின் மேலே வரும். மற்றவை கீழே போகும்.

இதில் ஒரு உறவுமுறையும் உண்டு. ஒரு பெட்டியைத் திறக்கும்போது "இன்ன விண்டோதான் உனக்குச் சொந்தக்காரர்" என்று சொல்லிவிட்டால், அந்தப் பெட்டி தன் சொந்தக்காரருக்குப் பின்னால் ஒருபோதும் போகாது. சொந்தக்காரரைச் சுருக்கினால் தானும் மறைந்துகொள்ளும். சொந்தக்காரர் யார் என்று சொல்லாமல் விட்டால் அது அனாதை. மேலே இருக்கும் வரை இருக்கும், பெரிய விண்டோவில் யாராவது ஒரு கிளிக் செய்தால் பின்னால் போய்விடும்.

அவன் செய்த தப்பு அதுதான். டாட்நெட்டில் சீரியல் கேபிள் வழியாகத் தகவல் வந்தால், அதைக் கவனிக்கும் வேலை பில் விண்டோ ஓடும் இழையில் நடக்காது, தனியாக இன்னொரு இழையில் நடக்கும். அங்கிருந்தபடியே பெட்டியைத் திறந்ததால், அதற்குச் சொந்தக்காரர் யாரும் அமையவில்லை.

சரியான வைத்தியம், பெட்டியை முதன்மை இழைக்குக் கொண்டுவந்து சொந்தக்காரரைச் சொல்லித் திறப்பது. அதைச் செய்தான். ஆனால் பயம் போகவில்லை. "இனிமே எந்தக் காலத்துலயும் இது பின்னாடி போகக் கூடாது" என்று நினைத்து, 'டாப்மோஸ்ட்' என்ற பண்பையும் ஆன் செய்தான். எந்தச் சாதாரண விண்டோவும் மேலே வர முடியாத தனி அடுக்கு அது. பெட்டி வந்தவுடன் கீபோர்டும் அதன் கைக்குப் போகும்படி 'ஆக்டிவேட்' என்று ஒரு வரியும் போட்டான். எடையைத் திருத்த வசதியாக இருக்கட்டும் என்று, எண் முழுவதும் நீலமாகத் தேர்வாகி நிற்கும்படியும் செய்தான். நல்ல எண்ணம்தான்.

எட்டுக் கிலோ மூட்டை

மூன்றாம் நாள் ஒரு தமாஷ். ஒரு பில்லில் மூட்டை எடை எட்டுக் கிலோ என்று வந்தது. "எட்டுக் கிலோவுக்கு எவன்டா மூட்டை கட்டுவான்!" என்று மண்டியே சிரித்தது. அய்யா திருத்தினார். பையனும் சிரித்தான். எட்டு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு விலை 38. மூன்று ஓரிடத்திலும் எட்டு வேறிடத்திலும் விழுந்திருந்தது!

ஒன்பதாம் நாள் காலையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். சத்தம் போடவில்லை. பில்லை மேசை மேல் வைத்தார்.

"முதலாளி, எடை போட்டப்ப அந்தப் பையன் அம்பத்திரண்டு நானூறுன்னு சத்தமாச் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். இதுல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு."

எடை போடுகிறவரின் நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். 52.400. பில்லில் 38.000. விலையும் கிலோவுக்கு 38 ரூபாய்தான். 14 கிலோ 400 கிராம் காணோம். 547 ரூபாய் 20 காசு.

மாமா கல்லாவைத் திறந்து பணத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். "நான் பாத்துட்டேன். பாக்காதவன் எத்தனை பேரோ."

மண்டித் தொழிலில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. கமிஷன் மண்டி நடப்பதே எடை நம்பிக்கையில்தான். "கணக்குல கை வச்சுட்டாங்க" என்று ஒரு ஊரில் பேச்சு கிளம்பினால், அந்த ஊர் வண்டி அடுத்த வாரம் பக்கத்து மண்டிக்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று சாயங்காலம் நடந்தது. அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மாமாவிடம் சொன்னார்: "கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா. நாப்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல. வேற ஆளைப் பாத்துக்க."

பையன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

எடையும் விலையும் ஒன்றாக இருக்குமா?

அன்று ராத்திரி அவன் ஒன்பது நாள் பில்களையும் ஒரு எக்செல் ஷீட்டில் கொட்டினான். கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு மூட்டை. அத்தனையையும் நோட்டோடு ஒப்பிட விடிந்துவிடும். முதலில் ஒரே ஒரு ஃபில்டர் போட்டான். எடையும் விலையும் ஒரே எண்ணாக உள்ள வரிகள்.

ஏழு வரிகள் வந்தன. எடை நோட்டோடு வைத்துப் பார்த்ததில் ஒன்று நிஜமாகவே 40 கிலோ, விலையும் 40 ரூபாய். மீதி ஆறும் தப்பு. ஐந்தில் விவசாயிக்கு நஷ்டம், ஒன்றில் லாபம்.

நடந்தது இப்போது தெளிவாகிவிட்டது. அய்யா சீட்டைப் பார்த்துக்கொண்டே விலைக் கட்டத்தில் 38 அடிக்கப் போகிறார். கை இறங்கும் அந்த அரை நொடியில் அடுத்த மூட்டையின் எடை வருகிறது. பெட்டி குதித்து முன்னால் வந்து கீபோர்டைப் பிடுங்கிக்கொள்கிறது. 52.400 என்ற எண் நீலமாகத் தேர்வாகி நிற்பதால், அய்யா அடித்த 38 அதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்கிறது. என்டர். பெட்டி மூடிக்கொள்கிறது. அய்யா நிமிர்கிறார். விலைக் கட்டம் காலி. "சரியா அழுத்தலை போல" என்று மறுபடி 38 அடிக்கிறார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எடையைத் தவிர!

கண்ணும் பழுதில்லை, கையும் பழுதில்லை. அவர் நாற்பது வருஷமாகச் செய்ததையேதான் செய்தார். அவர் கைக்குக் கீழே இருந்த கட்டத்தை ஒரு புரோகிராம் மாற்றிவிட்டது.

மேலே இருப்பது வேறு, கேட்பது வேறு

கீபோர்டு ஒன்றுதான். திரையில் இருபது விண்டோ இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் எழுத்து போகும். அந்த விண்டோவுக்குள்ளும் ஒரே ஒரு கட்டத்துக்குத்தான். அந்த உரிமைக்குப் பெயர் ஃபோகஸ். வரிசை என்பது கண்ணுக்குச் சம்பந்தப்பட்டது. ஃபோகஸ் என்பது கைக்குச் சம்பந்தப்பட்டது.

நாம் மவுஸால் கிளிக் செய்யும்போது இரண்டும் சேர்ந்தே மாறுவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரை 'எப்போதும் மேலே' என்று வைத்துவிட்டு வேர்டில் டைப் செய்து பாருங்கள். மேலே இருப்பது டாஸ்க் மேனேஜர், எழுத்து போவது வேர்டுக்கு. லினக்ஸில் மவுஸ் எங்கே நிற்கிறதோ அதற்கே ஃபோகஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது பாதி மறைந்து அடியில் கிடக்கும் விண்டோவில்கூட டைப் செய்யலாம்.

பையனுக்குத் தேவையாக இருந்தது முதலாவது மட்டும்தான். பெட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவன் இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

இந்த அடுக்கு விஷயமே கம்ப்யூட்டர் உலகத்தில் சுலபமாக வந்ததல்ல. 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர், காகிதங்கள் போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் விண்டோக்களை உருவாக்கினார்கள். ஆப்பிளின் பில் அட்கின்சன் அங்கே ஒரு முறை பார்த்துவிட்டு வந்து, அடியில் பாதி மறைந்திருக்கும் விண்டோவில்கூட அவர்கள் சரியாகப் படம் வரைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தானும் கஷ்டப்பட்டு அதைச் செய்து முடித்தார். ஜெராக்ஸ்காரர்கள் அதைச் செய்திருக்கவே இல்லை என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது! மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸில் (1985) விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. தரையில் டைல்ஸ் ஒட்டியது போலப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள்.

அடுக்கு வந்ததும் சண்டையும் வந்தது. ஒவ்வொரு புரோகிராமும் "நான்தான் முக்கியம்" என்று முன்னால் குதித்தது. அதனால் விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ஒரு சட்டம் போட்டார்கள். பின்னால் இருக்கும் புரோகிராம் நினைத்தபோதெல்லாம் முன்னால் வந்துவிட முடியாது. இப்போது முன்னால் இருப்பதும், அது திறந்துவிட்டதும், நீங்கள் கடைசியாகத் தொட்டதும்தான் வரலாம் என்பது போலச் சில விதிகள். மற்றவை முயன்றால், கீழே டாஸ்க்பாரில் அதன் பட்டன் மினுக்கும், அவ்வளவுதான். நீங்கள் கையை எடுத்து இவ்வளவு நேரம் ஆகும் வரை என்று ஒரு கணக்கும் உண்டு. வழக்கமான அமைப்பில் 2,00,000 மில்லி செகண்ட், அதாவது 200 விநாடி. இதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'லாக்' இருக்கிறது. பூட்டு! 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுக்குச் சொந்தக்காரர்களான திண்டுக்கல்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். :-)

மற்ற இடங்களிலும் கதை இதேதான். மேக்கில் கவனம் வேண்டும் புரோகிராமின் ஐகான் கீழே குதிக்கும். லினக்ஸில் கேடிஇ-யில் 'ஃபோகஸ் திருட்டுத் தடுப்பு' என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. வேலண்டில் ஒரு புரோகிராம் தானாக முன்னால் வர முடியாது. பயனர் தொட்ட இன்னொரு புரோகிராமிடமிருந்து டோக்கன் வாங்கி வர வேண்டும். எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். கூப்பிடலாம், பிடுங்கக் கூடாது.

அப்படியானால் மண்டியில் அந்தப் பூட்டு ஏன் காப்பாற்றவில்லை? ஏனென்றால் அது வெளித் திருடனுக்குப் போட்ட பூட்டு. முன்னால் இருந்ததும் அவன் புரோகிராம், குதித்ததும் அவன் புரோகிராம். ஒரே வீட்டுக்குள் யார் எந்த அறைக்குப் போவது என்று விண்டோஸ் கேட்காது. அங்கே ஒழுங்கு காப்பது எழுதுகிறவனின் பொறுப்பு.

எஸ்கேப் தட்டினால் வீடு

வழி எங்கே கிடைத்தது தெரியுமா? காமர்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த டேலியில்.

டேலி பிறந்த கதையே ஒரு கடைக் கணக்குக் கதைதான். பெங்களூரில் ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்கு ஏற்ற கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986இல் நிறுவனம் தொடங்கியது. மவுஸ் இல்லாத எம்.எஸ்.-டாஸ் காலம் அது. அந்தப் பழக்கம் இன்றைய டேலி பிரைம் வரை போகவில்லை. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று கையே போய்விடும்.

லேபில் வவுச்சர் போடும்போது எல்லோரும் செய்வது இது. பார்ட்டி பெயர் கட்டத்தில் நிற்கிறோம், அந்தப் பெயரில் லெட்ஜர் இல்லை. ஆல்ட்+சி. வவுச்சர் மேலேயே லெட்ஜர் உருவாக்கும் திரை ஏறி நிற்கிறது. விவரம் கொடுத்து ஏற்றுக்கொண்டால், அது இறங்கிப்போய் விட்ட இடத்திலேயே, புதுப் பெயர் நிரம்பிய கட்டத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. வேண்டாம் என்றால் எஸ்கேப் தட்டித் தட்டி வந்த வழியே திரும்பலாம். தோசைக் கல்லிலிருந்து எடுத்து அடுக்கிய தோசை மாதிரி, கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும்.

அவன் நூறு தடவை செய்திருக்கிறான், ஆனால் கவனித்ததில்லை. இப்போது கவனித்தான். அங்கே மேலே ஒரு திரை வருவது, நாம் விசையைத் தட்டிக் கேட்டதால். தானாகக் குதிப்பதில்லை. போகும்போது விட்ட இடத்தை மறப்பதில்லை. திரையைப் பார்க்காமல் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே என்ட்ரி போடும் கணக்குப்பிள்ளைகள் அதை நம்பி வேகமாகத் தட்ட முடிவதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

மெக்கின்டாஷ் திட்டத்தை ஆப்பிளில் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் 2000ஆம் ஆண்டு எழுதிய புத்தகத்தில், மனிதனின் கவனம் ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும், புரோகிராம் அதை அனுசரித்துத்தான் நடக்க வேண்டும் என்று வாதிட்டார். அய்யாவின் கவனம் சீட்டில் இருந்தது. பெட்டி வந்தது திரையில். அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று இருந்தது. விண்டோஸ் 7 வரை கீபோர்டு மொழியும் விண்டோவுக்கு விண்டோ தனி. ஒன்றில் தமிழ்99 வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குத் தாவினால் அங்கே ஆங்கிலம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், வழக்கமான அமைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மொழி என்று ஆயிற்று. வேண்டுமானால் பழைய மாதிரியும் மாற்றிக்கொள்ளலாம். ஃபோகஸ் மாறினால் எழுத்து விழும் இடம் மட்டுமல்ல, என்ன எழுத்து விழுகிறது என்பதும் மாறலாம் என்பதற்கு இது ஒரு உதாரணம். சூப்பர் மார்க்கெட் பார்கோடு ஸ்கேனரும் அப்படித்தான். பெரும்பாலானவை கம்ப்யூட்டருக்கு இன்னொரு கீபோர்டு மாதிரிதான். எந்தக் கட்டத்தில் ஃபோகஸ் இருக்கிறதோ அங்கே எண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். அது சாமானின் எண்ணா, அதன் விலையா என்று அதற்குத் தெரியாது.

மூன்றாவது புரோகிராம்

பெட்டியையே எடுத்துவிட்டான். எடை வந்தால் வலது பக்கம் பெரிய எழுத்தில் ஒரு பட்டியலில் போய் வரிசையாக நிற்கும். கர்சர் விலைக் கட்டத்தை விட்டு அசையாது. அய்யா தயாரானதும் ஒரு விசையைத் தட்டுவார். வரிசையின் முதல் எடை பில்லுக்கு வரும். எடைக் கட்டத்தில் கையால் எதையும் அடிக்க முடியாது. திருத்த வேண்டுமானால் அதற்கென்று தனித் திரை, காரணம் எழுத வேண்டும், பழைய எடையும் பதிவில் இருக்கும். 30 கிலோவுக்குக் கீழே வந்தால் சத்தம் எழும், எழுத்து சிவப்பாகும். அப்போதும் கீபோர்டைத் தொடாது. டாப்மோஸ்ட், ஆக்டிவேட் இரண்டும் போய்விட்டன.

இன்னொன்றும் செய்தான். அதைச் சோதித்த விதம் எந்த வீடியோவிலும் பார்த்ததல்ல. மானிட்டரை அணைத்துவிட்டான். அய்யா கையில் ஐம்பது துண்டுச் சீட்டு. எடை போடுகிறவர் வேண்டுமென்றே தாறுமாறான நேரத்தில் மூட்டையை வைத்தார். முடிந்ததும் மானிட்டரை ஆன் செய்து நோட்டோடு சரிபார்த்தார்கள். ஐம்பதும் சரி. பழைய புரோகிராமையும் அதே மாதிரி ஓட்டிக் காட்டினான். ஐம்பதில் நான்கு தப்பு.

அதை வேண்டுமென்றேதான் காட்டினான். "அய்யா, இது உங்க கண்ணும் இல்ல, கையும் இல்ல. நான் எழுதினதுல இருந்த தப்பு" என்றான். எல்லோர் முன்னாலும் சொன்னான்.

அய்யா கொஞ்ச நேரம் பழைய பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எட்டுக் கிலோ மூட்டையும் இதானா?" என்று கேட்டார்.

"அதேதாங்கய்யா."

"அன்னைக்கே கேட்டிருக்கணும். சிரிச்சிட்டோம்."

ஆறு விவசாயிகளில் நஷ்டப்பட்ட ஐந்து பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம். மாமா ஆள் அனுப்பவில்லை, அவரே போய்க் கொடுத்தார், கூடவே பையனையும் கூட்டிக்கொண்டு. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது அவன் வேலை. விண்டோ, ஃபோகஸ் என்றெல்லாம் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று வண்டியில் போகும்போதே யோசித்துக்கொண்டு போனான். கடைசியில் இப்படிச் சொன்னான்: "அய்யா எழுதிட்டிருக்கும்போது என் புரோகிராம் நடுவுல வந்து நோட்டை மாத்தி வச்சிருச்சு. அவர் வெலைய எடை நோட்டுல எழுதிட்டாரு." எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் மட்டும் "அப்ப கேட்டுட்டு வைக்கச் சொல்லு" என்றார்.

லாபமடைந்த ஆறாவது ஆளிடம் திருப்பிக் கேட்கலாமா என்றான் பையன். "வேணாம் மாப்ள. அது நம்ம படிப்புச் செலவு" என்றார் மாமா.

அய்யா வேலையை விடவில்லை. இன்றும் சீட்டைப் பார்த்துத்தான் அடிக்கிறார். திரையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

அடுத்த முறை உங்கள் புரோகிராமில் ஒரு பெட்டியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், அந்த வரியை எழுதும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் அந்த மனிதரின் கை எங்கே இருக்கும்?